தண்ணீரும் காற்றும் சேர்ந்த பாய்வுக்கு எந்த எண்முறை?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் தொட்டிகளை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு மீட்டர் நீளமுள்ள மாதிரித் தொட்டியில் தண்ணீர் அலைபாய்வதை, இடத்தைச் சிறு அறைகளாகப் பிரித்துப் பாய்வைக் கணிக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் கணிக்கிறார். பாய்வு வரும் பக்கத்து அறையின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் அப்விண்ட் முறையை வைத்தால் கணிப்பு தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் நீர்மட்டம் பல அறைகளுக்குப் பரவி மங்கிவிடுகிறது. மேலாளர் சொன்னபடி சமன்பாட்டின் எல்லா உறுப்புகளுக்கும் இரண்டாம் வரிசை (அறையைப் பாதியாக்கினால் பிழை கால்பங்காகும்) மைய வேறுபாட்டு முறையை வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே கணிப்பு உடைந்து நின்றுவிடுகிறது. "எந்த முறைதான் சிறந்தது, அண்ணே? அடுத்து ஜூரோங் தீவுக் குழாய் வேலை ஒன்று வருகிறது. அதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா?"

தம்பி, பொதுவாகச் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு பிழையைக் குறைத்துவிட்டு இன்னொன்றைத் தலையில் கட்டும். ஆகவே முதலில் நீங்கள் எனக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எந்த எண் இடம்பெறப்போகிறது? நீர்மட்டமா, சுவரில் விழும் அழுத்தமா, துளிகளின் அளவா, குழாயின் இரு முனைகளுக்கு இடையிலான அழுத்த இழப்பா? அந்த எண்ணைக் கெடுக்காத பிழை எதுவோ, அதைச் செய்யும் முறையே உங்களுக்கு ஏற்றது.

உங்கள் கணிப்பு ஏன் உடைந்தது என்பதைக் காகிதத்தில் ஐந்தே அறைகளை வரைந்து பார்த்துவிடலாம். நீரின் கனஅளவுப் பின்னம், அதாவது அறையில் தண்ணீர் எத்தனை பங்கு என்பது, இடமிருந்து வலமாக 1, 1, 1, 0, 0. முதல் மூன்று அறைகளில் தண்ணீர், மற்ற இரண்டில் காற்று. எல்லாம் வலப்பக்கமாகச் சீரான வேகத்தில் நகர்கின்றன. ஒரு நேரப்படிக்கு அரை அறை தூரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது கூரண்ட் எண் 0.5. சரியான விடை நமக்கே தெரியும்: முதல் படியில் நான்காம் அறை பாதி நிரம்ப வேண்டும், இரண்டாம் படியில் முழுதாக நிரம்ப வேண்டும்.

மைய வேறுபாட்டு முறை, மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையிலுள்ள முகத்தில் இரண்டின் சராசரியான 0.5-ஐ வைக்கிறது. இதனால் மூன்றாம் அறைக்குள் 0.5 நுழைகிறது, 0.25 மட்டும் வெளியேறுகிறது. ஒரே படியில் அந்த அறையின் பின்னம் 1.25. இதாவது போகட்டும் என்று விடலாம். இதையே தண்ணீரின் பின்முனையில், அதாவது 0, 0, 0, 1, 1 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் அறையில் தண்ணீரே இல்லை. ஆனாலும் அங்கிருந்து 0.25 வெளியேறுகிறது, பின்னம் −0.25 ஆகிறது. நீரின் அடர்த்தி 1000, காற்றின் அடர்த்தி 1.2 என்றால், அந்த அறையின் அடர்த்தி கனமீட்டருக்கு −248.5 கிலோ! எடையில் எதிர்மறையான ஒரு பாய்மத்தைக் கொடுத்து அழுத்தச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் எந்த மென்பொருளும் கையை விரித்துவிடும்.

அப்விண்ட் முதல் படியில் நல்ல பிள்ளையாக 0.5 தருகிறது. இரண்டாம் படியில் நான்காம் அறைக்கு 0.75, ஐந்தாம் அறைக்கு 0.25. நான்காம் அறை நிரம்புவதற்கு முன்பே ஐந்தாம் அறைக்குத் தண்ணீர் கசிந்துவிட்டது. பின்னம் 0-க்கும் 1-க்கும் இடையை விட்டு வெளியே போகாது, அதனால் கணிப்பு உடையாது. ஆனால் படிகள் கூடக் கூட மங்கல் அகன்றுகொண்டே போகும்.

இரண்டுக்கும் நடுவே சமரசம் தேடியவர்கள் ஏராளம். செர்கெய் கோதுனோவ் 1959-இல் அந்தத் தேடலுக்கு ஒரு வேலி போட்டார்: புதிய உச்சங்களையும் பள்ளங்களையும் உண்டாக்காத நேரியல் முறை எதுவும் முதல் வரிசைக்கு மேல் துல்லியம் தர முடியாது. வேலியைத் தாண்ட ஒரே வழி, முறையை நேரியல் அல்லாததாக ஆக்குவது. அக்கம்பக்கத்துச் சரிவுகளைப் பார்த்து, சீரான இடத்தில் இரண்டாம் வரிசையாகவும் திடீர் மாற்றமுள்ள இடத்தில் முதல் வரிசையாகவும் தானே மாறிக்கொள்ள வேண்டும். 1974-இல் வான் லீர் கொடுத்ததும், 1983-இல் ஹார்ட்டன் 'டி.வி.டி.' (மொத்த ஏற்ற இறக்கம் கூடாத முறை) என்ற பெயரில் ஒழுங்குபடுத்தியதும் இந்த வழியைத்தான். இன்று மென்பொருள்களில் 'லிமிட்டர்' என்று வருபவை எல்லாம் இவற்றின் வாரிசுகள்.

திசைவேகத்துக்கு இவை போதும். கனஅளவுப் பின்னத்துக்குப் போதா. திசைவேகம் பெரும்பாலும் இழைந்து மாறும் அளவு. இரண்டாம் வரிசை என்ற சொல்லுக்கே அங்கேதான் பொருள். பின்னமோ ஒரே தாவலில் 1-இலிருந்து 0-க்கு இறங்குவது. அதற்கு டெய்லர் தொடரை விரித்து வரிசை பேசுவது வீண்வேலை. வான் லீர் லிமிட்டரை வைத்தாலும் நீர்மட்டம் மூன்று நான்கு அறைகளுக்குப் பரவத்தான் செய்யும். உங்கள் மேலாளர் சொன்னது தவறல்ல. எந்த உறுப்புக்கு என்று பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்னத்தை நகர்த்த மூன்று குடும்பங்கள் உண்டு.

முதலாவது, நெருக்கிப் பிடிக்கும் முறைகள். ஹர்ட்டும் நிக்கல்ஸும் 1981-இல் வெளியிட்ட வி.ஓ.எஃப். (கனஅளவுப் பின்னத்தையே நகர்த்தும்) முறைதான் மூலம். தண்ணீர் கொடுக்கும் அறை, வாங்கும் அறை இரண்டையும் பார்த்து, இருப்பதற்கு மேல் கொடுக்காமல், முடிந்தவரை கூர்மையாக நகர்த்தும். உபிங்கும் ஈசாவும் 1999-இல் வெளியிட்ட சிக்சாம், பல வணிக மென்பொருள்களில் உள்ள எச்.ரிக், ஓப்பன்ஃபோமின் இருபாய்மத் தீர்வியான இன்டர்ஃபோமில் நெருக்கும் உறுப்போடு சேர்ந்து வரும் மியூல்ஸ், எல்லாம் இந்தக் குடும்பத்தில் சேர்பவை. எந்த வடிவ அறைகளிலும் ஓடும், செலவு குறைவு. இவற்றின் கெட்ட பழக்கமும் தெரிந்ததுதான்: பாய்வு நீர்மட்டத்துக்கு இணையாகச் செல்லும் இடத்தில் இல்லாத சுருக்கங்களை உண்டாக்கும். அதனால்தான் சிக்சாமும் எச்.ரிக்கும் பாய்வுக்கும் மட்டத்துக்கும் இடையிலான கோணத்தைப் பார்த்து நெருக்கத்தைத் தளர்த்துகின்றன. கூரண்ட் எண் கூடினால் கூர்மை போய்விடும். இடைமுகத்தில், அதாவது தண்ணீரும் காற்றும் தொடும் பரப்பில், அதை 0.3-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், 0.2 என்றால் இன்னும் நல்லது.

இரண்டாவது, வடிவியல் முறைகள். யங்ஸ் 1982-இல் முன்வைத்தபடி, ஒவ்வொரு அறைக்குள்ளும் இடைமுகத்தை ஒரு சாய்ந்த தளமாக வரைந்து, அந்தத் தளத்துக்குக் கீழே முகத்தைக் கடக்கும் தண்ணீரின் கனஅளவை வெட்டிக் கணக்கிடுவது. இடைமுகம் ஒரே அறைக்குள் அடங்கும், நிறையும் காக்கப்படும். கனசதுர அறைகளில் அழகாக ஓடும். தாறுமாறான பன்முக அறைகளில் வெட்டுவது தலைவலி. ரோன்பியும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஐசோஅட்வெக்டர் இந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்தது. ஓப்பன்ஃபோமில் அது கிடைக்கிறது, உங்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

மூன்றாவது லெவல் செட். ஓஷரும் சேத்தியனும் 1988-இல் கொடுத்தது. சஸ்மனும் கூட்டாளிகளும் 1994-இல் இருபாய்ம ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னத்துக்குப் பதிலாக இடைமுகத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்ற இழைவான அளவை நகர்த்துவதால் வளைவைத் துல்லியமாகக் கணிக்கலாம். ஆனால் தண்ணீரின் நிறை தானாகக் காக்கப்படாது. தொலைவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும்போது மட்டம் கொஞ்சங்கொஞ்சமாக நகர்ந்துவிடும், அறையைவிடச் சிறிய துளி சத்தமில்லாமல் மறைந்துவிடும். உங்கள் தொட்டிக்கு இது ஆகாது. நீளம் 1 மீட்டர், நீராழம் 0.3 மீட்டர் என்றால் முதல் அலைவுமுறையின் அலைவுகாலம் 1.32 விநாடி. நெடுநேரக் கணிப்பில் ஐந்து விழுக்காடு தண்ணீர் காணாமல் போனால் அது 1.34 ஆகிவிடும். ஒத்ததிர்வுக்கு அருகே தொட்டியை ஆட்டிப் பார்க்கும் உங்களுக்கு இந்தச் சின்ன நகர்வே அலை உயரத்தை மாற்றப் போதும்.

இந்த 1.32 விநாடியை வைத்தே ஒரு நல்ல சோதனை செய்யலாம். நீர்மட்டத்தை லேசாகச் சாய்த்து வைத்து, தொட்டியை ஆட்டாமல் விட்டுவிடுங்கள். அலைவுகாலம் ஏறக்குறைய எல்லா முறைகளிலும் சரியாகவே வரும். அதைப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடாதீர்கள். அலையின் உயரம் சுற்றுக்குச் சுற்று எவ்வளவு குறைகிறது என்பதைப் பாருங்கள். உந்தச் சமன்பாட்டில் முதல் வரிசை அப்விண்ட் வைத்தால், அது சேர்க்கும் செயற்கைப் பாகுமை ஏறத்தாழ வேகம் பெருக்கல் அறை அளவில் பாதி. விநாடிக்கு 1 மீட்டர் வேகம், 1 செ.மீ. அறை என்றால் 0.005. தண்ணீரின் இயக்கப் பாகுமையைப் போல் அது 5000 மடங்கு. கிளிசரினைவிடவே நான்கு மடங்குக்கு மேல். பெயருக்குத்தான் தண்ணீர், கணினிக்குள் ஆடிக்கொண்டிருப்பது கூழ். பத்து இருபது சுற்றுகளில் அலை கண்ணெதிரே தணியும்.

ஆகவே உந்தத்துக்கு லிமிட்டர் சேர்த்த இரண்டாம் வரிசை முறை அல்லது லீனியர் அப்விண்ட் (சரிவையும் கணக்கில் எடுக்கும் அப்விண்ட்) வையுங்கள். நேரப்படிக்கு முதல் வரிசை ஆய்லர் முறையும் அலையைத் தணிக்கும், இரண்டாம் வரிசை கிராங்க்–நிக்கல்சனை 0.9 அளவில் கலந்து வைத்தால் தணிவு குறையும், முழு 1 வைத்தால் அழுத்தம் படிக்குப் படி துடிக்கக்கூடும்.

எந்த முறையை வைத்தாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: நிறையும் உந்தமும் ஒரே பாயத்தால், அதாவது முகத்தைக் கடக்கும் ஒரே அளவால், நகர வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. காற்று நின்றுகொண்டிருக்கும் ஓர் அறைக்குள் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தண்ணீர் எட்டிப்பார்க்கிறது. பின்னத்தை நகர்த்தும் கூர்மையான முறை, 1 விழுக்காடு தண்ணீர் நுழைந்ததாகக் கணக்கிடுகிறது. அறையின் அடர்த்தி 11.2. உந்தத்தை நகர்த்தும் வேறொரு முறை 2 விழுக்காடு என்று கணக்கிட்டால், உந்தம் 40. வகுத்துப் பாருங்கள், அறையின் வேகம் 3.6 மீட்டர். வந்த தண்ணீரின் வேகமே 2 மீட்டர்தான்! இடைமுகத்தை ஒட்டிய காற்றறைகளில் திடீரென்று வேகம் எகிறி, நேரப்படி சுருங்கிச் சுருங்கி, கணிப்பு ஊர்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எண்ணெய்–தண்ணீரில் இது வெளியே தெரியாது. அடர்த்தி விகிதம் 800-ஐத் தாண்டும் காற்று–தண்ணீரில் தப்பவே முடியாது. ரட்மன் 1998-இலேயே இதற்கு வழி காட்டினார். உங்கள் மென்பொருள் அதைச் செய்கிறதா என்று பாருங்கள்.

பரப்பு இழுவிசையை உங்கள் தொட்டிக்கு நிறுத்திவிடுங்கள். ஒரு மீட்டர் அளவில் ஈர்ப்புக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதம் ஒரு லட்சத்துக்கும் மேல். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவரழுத்தம் மாறாது. வைத்திருந்தால் நேரப்படிக்குத்தான் கேடு. பிராக்பில்லும் கூட்டாளிகளும் 1992-இல் தந்த முறையில், நுண்ணலை ஓர் அறையைக் கடக்கும் நேரத்துக்குள் படி அடங்க வேண்டும். காற்று–தண்ணீருக்கு 1 மி.மீ. அறையில் அது சுமார் ஒரு மில்லிவிநாடி, 0.1 மி.மீ. என்றால் 33 மைக்ரோவிநாடி. 10 மைக்ரான் என்றால் ஒரு மைக்ரோவிநாடிதான்.

நுண்குழாய்களில் துளி உருவாக்குபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அவர்களுக்கு எல்லாமே பரப்பு இழுவிசைதான். அசையாமல் நிற்க வேண்டிய துளியைச் சுற்றி, வளைவைக் கணிப்பதில் உள்ள பிழையால் பொய்ச் சுழல்கள் கிளம்பும். அங்கே வடிவியல் வி.ஓ.எஃப்.-உம், உயரச் சார்பால் (அறை வரிசைகளில் உள்ள நீரின் உயரத்தால்) வளைவைக் கணிக்கும் முறையும், அழுத்தச் சரிவையும் இழுவிசையையும் ஒரே முகத்தில் ஒரே விதமாகக் கணிக்கும் சமநிலையும் இருந்தாக வேண்டும். போப்பினேயின் பேசிலிஸ்க் என்ற மென்பொருள் அதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். அந்த வேலைக்கு உங்கள் தொட்டி அமைப்பை எடுத்துப் போனால் ஒன்றும் தேறாது.

இனி அழுத்தம். எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) தொட்டியில் அலை கூரை மூலையில் மோதும்போது வாயு அடைபட்டு நசுங்கும். அமுக்கமுடியாப் பாய்மம் என்று வைத்துக் கணித்தால் அந்த வாயுப்பை மெத்தையாக வேலை செய்யாது. வரும் அழுத்த உச்சத்துக்குப் பொருளே இருக்காது. குமிழ்கள் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் விசித்திரம். ஒலியின் வேகம் விநாடிக்கு தண்ணீரில் சுமார் 1480 மீட்டர், காற்றில் 340. இரண்டும் சரிபாதியாகக் கலந்த கலவையில், வளிமண்டல அழுத்தத்தில், வெறும் 20 முதல் 24 மீட்டர்தான். கலவை வாயுவைப்போல அமுங்கவும் செய்யும், தண்ணீரின் நிறையையும் சுமக்கும். ஆகவே மோதலைக் கணிக்க வேண்டுமென்றால், அமுக்கத்தைச் சேர்த்த தீர்விக்குப் போங்கள். அப்போதும் வலையை நுணுக்க நுணுக்க உச்ச அழுத்தம் நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டிருக்கலாம். அழுத்த–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பு, அதாவது கணத்தாக்கு, அதைவிட விரைவில் நிலைபெறும். என்னைக் கேட்டால் அறிக்கையில் அதைத்தான் முதலில் எழுதுவேன். ஒரே ஓட்டத்தில் கிடைத்த ஒற்றை உச்சத்தைக் காட்டி எஃகின் தடிமனை முடிவுசெய்வது எனக்கு ஒப்பாத காரியம்.

தேசிய மீக்கணினி மையத்தில் நேரம் கிடைத்தாலும் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள். முப்பரிமாணத்தில் அறையின் அளவைப் பாதியாக்கினால் வேலை 16 மடங்கு. பரப்பு இழுவிசை வரம்பும் சேர்ந்தால் சுமார் 23 மடங்கு. நல்ல முறையில் ஓர் ஓட்டம், மோசமான முறையில் இருமடங்கு நுணுக்கத்தில் ஓர் ஓட்டம் என்று வந்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு வருவோம். பல கிலோமீட்டர் குழாயில் இடைமுகத்தை அறை அறையாகப் பிடிப்பது நடக்காத காரியம். அங்கே இருபாய்ம மாதிரிதான்: குறுக்குவெட்டு முழுவதற்கும் வாயுவுக்கு ஒரு சராசரி வேகம், திரவத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான அழுத்தம். பார்க்க எளிமையானது, உள்ளே ஒரு முள் இருக்கிறது. இரண்டு வேகங்களும் வேறுபட்டால், திருத்த உறுப்பு எதுவும் சேர்க்காத அடிப்படைச் சமன்பாடுகளின் சிறப்பியல்பு வேகங்கள், அதாவது மாற்றங்கள் பரவும் வேகங்கள், கலப்பெண்களாகிவிடும். அலைநீளம் குறையக் குறைய அலைகள் கட்டுப்பாடின்றி வேகமாக வளரும். வலையை நுணுக்கினால் விடை சரியாகிவிடும் என்று நாம் படித்ததெல்லாம் இங்கே தலைகீழ்: நுணுக்கினால் இன்னும் சிறிய அலைகளுக்கு இடம் கிடைக்கும், கணிப்பு இன்னும் மோசமாகும்.

தண்ணீர் கீழும் வாயு மேலுமாக அடுக்காய் ஓடும்போது, நீர்மட்டச் சரிவால் வரும் ஈர்ப்பு உறுப்பைச் சேர்த்தால் ஓர் எல்லைவரை நிம்மதி. 10 செ.மீ. உயரக் கால்வாய், பாதி தண்ணீர், வளிமண்டலக் காற்று என்றால், வேக வேறுபாடு விநாடிக்கு 20 மீட்டரைத் தொடும்வரை சமன்பாடுகள் ஒழுங்காக இருக்கும். வாயுவின் அடர்த்தி 60-க்கு ஏறும் உயர் அழுத்தக் குழாயில் அந்த எல்லை 2.9 மீட்டருக்கு இறங்கிவிடும். தொழிற்சாலைக் குழாய்களில் அது சர்வசாதாரணமாகத் தாண்டப்படும் வேகம். குமிழ்ப் பாய்வுக்குத் தோற்ற நிறை (குமிழ் முடுகும்போது கூடவே இழுக்கும் திரவத்தின் நிறை) உறுப்பும் இடைமுக அழுத்த உறுப்பும் கைகொடுக்கும்.

அணு உலைப் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட ரிலாப் போன்ற பழைய நிரல்கள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அப்விண்ட்டின் செயற்கைப் பாகுமையும் ஒரு காரணம். உங்கள் தொட்டியில் அலையைக் கொன்ற அதே பாகுமைதான் இங்கே நுண்ணலைகளை அடக்கிக் கணிப்பைக் காப்பாற்றுகிறது. தொட்டியில் நன்றாக ஓடியதென்று கூர்மையான இரண்டாம் வரிசை முறையை இங்கே கொண்டுவந்தால், அந்தக் காவலை நீங்களே எடுத்துவிட்டவர் ஆவீர்கள்.

கழிவுநீரை ஆழ்சுரங்கத்துக்கு இறக்கும் செங்குத்துத் தண்டுகள்போல, மேலே தெளிவான மட்டமும் கீழே காற்றைக் குடித்த நுரையுமாக இருக்கும் இடங்களில் இரண்டு வழிகளுமே தனியாக ஒத்துவராது. அதற்குக் கலப்பு மாதிரிகள் இருக்கின்றன. அது தனிப் பதிலுக்கு உரியது.

குழாய் வேலையைத் தொடங்குமுன் கையேட்டைத் திறந்து, எந்தத் திருத்த உறுப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பிறகு ஒரே குழாயை மூன்று வலைகளில் ஓட்டி, குழாயை அடைத்துக்கொண்டு வரும் தண்ணீர்க் கட்டிகள் மணிக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஓரிடத்தில் நிலைத்தால் மேலே போகலாம். நுணுக்கும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே இருந்தால் மாதிரியை மாற்றுங்கள். மாற்ற நேரமில்லை என்று மேலாளர் சொன்னால், அறையின் நீளத்தைக் குழாய் விட்டத்தின் ஒரு குறிப்பிட்ட மடங்கில் நிறுத்தி, இந்த அளவு வலையில் வந்த விடை இது என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.